யாருடைய சாமி, யாருடைய கேள்வி?

(மறைமலை நகரில் தலித் மாணவர்களும் தொழிற்சங்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



இந்தத் தலைப்பைச் சொன்னதும் ஒரு தோழர் கேட்டார்: "ஒரகடத்துல கான்ட்ராக்ட் ஆளுங்கள கேட்டுக்கு வெளிய நிறுத்துறான். நீ இன்னா, இயேசு கடவுளா மனுசனான்னு பேச வர்ற?" நியாயமான கேள்வி. பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போகணும்.

இயேசு கடவுளா என்ற கேள்வியை நம்மிடம் மூன்று பேர் கேட்கிறார்கள். ஒருவர் பாதிரியார். இரண்டாமவர் நம் இயக்கத்துக்குள்ளேயே இருக்கிற பகுத்தறிவுத் தோழர். மூன்றாமவர் தாலுகா ஆபீசில் உட்கார்ந்திருக்கிறார். அவர் இறையியல் படித்தவரில்லை. அவர் பதிலை எழுதிக்கொள்கிறார், முத்திரை குத்துகிறார். முதல் இரண்டு பேருக்கு நீங்கள் தப்பாகப் பதில் சொன்னால் வாக்குவாதம் வரும். மூன்றாமவருக்குத் தப்பாகச் சொன்னால் பிள்ளைக்குச் சீட்டு போகும், வேலை போகும், கடன் போகும்.

வங்கிக் கவுன்டரில் உட்காருகிறவன் நான். தாட்கோ மானியக் கடனுக்கு வருகிற விண்ணப்பங்களைப் பார்க்கிறேன். ஒரே தெரு, ஒரே குடும்பம்; அண்ணன் பேர் ஒரு மாதிரி, தம்பி பேர் ஒரு மாதிரி. அண்ணன் ஆதி திராவிடர். தம்பி கிறிஸ்தவ ஆதி திராவிடர், ஆகவே பிற்படுத்தப்பட்டவர். ஊர்க்காரன் கண்ணுக்கு ரெண்டு பேரும் சேரிதான். டீக்கடைக்காரன் எவனும் அண்ணனுக்கு ஒரு கிளாஸ், தம்பிக்கு வேற கிளாஸ் என்று வைக்கவில்லை. அரசாங்கத்துக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரிகிறது.

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அதன் மூன்றாவது பத்தி, இந்து மதம் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். ரோட்டோரத்தில் செருப்புத் தைக்கிற தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகச் சின்னக் கடைப்பெட்டிகள் கொடுத்தது. இந்து என்றால் கிடைக்கும். இவர் கிறிஸ்தவர், கிடைக்கவில்லை. அதே ரோடு, அதே ஊசி, அதே தோல். 1985 செப்டம்பர் 30 அன்று தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று தள்ளுபடி செய்தார்கள். செருப்புத் தைக்கிறவர் ரோட்டில் உட்கார்ந்திருப்பதே ஆதாரமில்லையா? அதை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை.

2024 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. புதுச்சேரிப் பெண் ஒருவர், கிளார்க் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள். கோயிலுக்குப் போய்வருவதாகச் சொன்னார். தான் இந்து என்றார். மனசில் நம்பிக்கையில்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம். கவனிங்க: மனசில் என்ன நம்பிக்கை இருக்கிறது என்று நீதிமன்றம் பார்க்கிறது. சர்ச்சுக்குப் போய் இயேசுவை நல்ல மனுசன் என்று மட்டும் நினைத்துக் கும்பிட்டால் அவள் யார்? வீட்டில் மாரியம்மன் படம், அம்பேத்கர் படம், இயேசு படம் மூன்றும் மாட்டி மூன்றுக்கும் ஊதுவத்தி கொளுத்துகிற நம் ஆயா யார்? இந்தக் கேள்வி நமக்கு வேண்டாம் என்று நாம் விட்டாலும், அது நம்மை விடுவதாக இல்லை. இதுதான் தோழருக்கு என் பதில்.

சரி, இது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

இயேசு செத்த பிறகு அவரைப் பின்பற்றிய யூதர்களில் ஒரு கூட்டத்துக்கு எபியோனியர் என்று பேர். எபிரேய மொழியில் அந்தச் சொல்லுக்கு ஏழைகள் என்று அர்த்தம். அவர்களைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அவர்களைத் திட்டி எழுதிய சபைத் தந்தையர் மூலமாகத்தான். (அயோத்திதாசரைத் தெரிந்துகொள்ளவாவது அவருடைய 'தமிழன்' பத்திரிகை மிஞ்சியது. இவர்களுக்கு அதுவும் கிடையாது.) அவர்கள் இயேசுவை மனிதனாக, கடவுள் தேர்ந்தெடுத்த மேசியாவாகப் பார்த்தார்கள். யோசேப்புக்கும் மரியாளுக்கும் பிறந்த மகன் என்றே அவர்களில் பலர் சொன்னார்கள். ஏழைகள் என்று தன்னை அழைத்துக்கொண்ட கூட்டம் அவரை மனிதன் என்று சொன்னது. சாம்ராஜ்யம் அவரைக் கடவுள் என்று தீர்மானம் போட்டது. இந்த எதிர்நிலையை இப்படிச் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் விஷயம் அவ்வளவு நேர்க்கோட்டில் இல்லை. சாம்ராஜ்யம் தீர்மானம் போடுவதற்கு முன்னாலேயே, அவரைக் கடவுளாகக் கும்பிட்டு அதற்காக ரோமானியன் கையில் செத்த அடிமைகளும் ஏழைகளும் இருந்தார்கள்.

325இல் நிசேயாவில் சங்கம் கூடியது. கூட்டியவர் பேரரசர் கான்ஸ்டன்டைன். அப்போது அவர் ஞானஸ்நானம் கூடப் பெறவில்லை. அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ், மகன் பிதாவால் உண்டாக்கப்பட்டவர், ஆகவே பிதாவுக்குச் சமமில்லை என்றார். (பேரைப் பார்த்து ஆரியர் என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீங்க. அவர் லிபியாக்காரர் என்கிறார்கள்.) சங்கம், இல்லை, மகன் பிதாவோடு ஒரே பொருளானவர் என்று முடிவு செய்தது. ஆரியுஸை நாடு கடத்தினார்கள். பிற்பாடு 'ஒரே பொருள்' என்பதா 'ஒத்த பொருள்' என்பதா என்று சண்டை நீண்டது. கிரேக்கத்தில் ரெண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். இதில் வேடிக்கை, 337இல் சாகக் கிடந்தபோது கான்ஸ்டன்டைனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பிஷப், ஆரியுஸ் பக்கம் சாய்ந்தவர். அரசருக்குக் கொள்கை எதுவானால் என்ன, நாடு ஒன்றாக இருந்தால் போதும். 451இல் கால்சிடோனில் முழுக் கடவுள், முழு மனிதன், ஒரே ஆள் என்று வரையறுத்தார்கள். பெரும்பாலான சபைகளுக்கு இன்றும் அதுதான் கணக்கு.

இது எங்கேயோ துருக்கியில் நடந்த கதை என்று நினைக்காதீங்க. பீச்சிலிருந்து செங்கல்பட்டு வண்டியில் ஏறினால் வழியில் பரங்கிமலை. மேலே கோயிலில் ஒரு கல் சிலுவை, அதைச் சுற்றிப் பாரசீகத்துப் பகலவி எழுத்து. 1547இல் போர்த்துக்கீசியர் தோண்டும்போது கிடைத்தது. அதைச் செதுக்கியவர்கள் கீழைச் சிரியச் சபையோடு தொடர்புடையவர்கள். மரியாளைக் கடவுளின் தாய் என்று சொல்லாதே, கிறிஸ்துவின் தாய் என்று சொல் என்றதற்காக 431இல் எபேசுவில் கண்டனம் செய்யப்பட்ட நெஸ்தோரியுஸின் பேரால் பிறர் அழைத்த சபை அது. போர்த்துக்கீசியர் வந்து, 1599இல் கேரளத்து உதயம்பேரூரில் சங்கம் கூட்டி, அந்தப் பழைய சபையின் சிரியப் புத்தகங்கள் பலவற்றைக் குற்றமுள்ளவை என்று சொல்லி நெருப்பில் போட வைத்தார்கள். இந்த மலையில்தான் தோமா கொல்லப்பட்டார் என்பது மரபு. காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று சொன்ன அதே தோமா. சுவிசேஷத்தில் இயேசுவை முகத்துக்கு நேராகக் கடவுளே என்று கூப்பிடுகிறவரும் அவர்தான். சந்தேகப்பட்டவன் வாயிலிருந்துதான் அந்தச் சொல் வருகிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது.

தமிழ்நாட்டுக்குள் வருவோம். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, இயேசுவை ஒரு சற்குருவாகக் காட்டினார், பூணூல் போட்டுக்கொண்டு. கடவுள் சர்வேசுரனாகப் பிராமணத் தெருவில் நடந்தார். ஒடுக்கப்பட்டவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று தனிக் குருமார் பிற்பாடு வந்தார்கள். கடவுள் ஒன்று, வாசல் ரெண்டு.

சைவர்கள் எதிர்த்தார்கள். பீட்டர் பெர்சிவலோடு பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்த ஆறுமுக நாவலர், 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' வெளியிட்டார். பைபிளை வரி வரியாகத் தெரிந்த மனுசன், ஆயுதத்தை எதிரியின் வீட்டிலிருந்தே எடுத்தார். சைவ சித்தாந்தத்தில் சிவன் கருப்பையில் பிறப்பதில்லை, சாவதில்லை. பிறந்து, பசித்து, அடிவாங்கிச் செத்தவன் எப்படிக் கடவுள் என்பது சைவர் வாதம். இந்த நகரத்துக்குப் பேர் தந்த மறைமலையடிகளும் அந்தச் சைவ மரபில் வந்தவர்தான். 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். சைவர் கேள்வி தர்க்கமாகச் சரியான கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தீட்டு இருக்கிறது. பிறப்பு அசுத்தம், உடம்பு அசுத்தம், பிணம் அசுத்தம். அசுத்தத்தைத் தொடாததுதான் கடவுள். பிரசவம் பார்க்கிறவளும் பிணம் சுமக்கிறவனும் நம் தெருவில் இருக்கிறார்கள். ஆகவே அந்தக் கடவுள் நம் தெருவுக்கு வர மாட்டார்.

இன்னொருத்தரைச் சொல்லணும், பலருக்குத் தெரியாது. வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர். வெள்ளைக்காரரிடம் வேலைக்காரராக இருந்து, இங்கிலாந்து போய், பிரீஸ்ட்லி, லிண்ட்சே ஆகியோரின் ஒருமைவாத எழுத்துகளைப் படித்தவர். கடவுள் ஒருவரே, இயேசு கடவுள் இல்லை, கடவுளால் அனுப்பப்பட்டவர் என்று முடிவுக்கு வந்து 1795இல் சென்னையில் ஒரு சபையைத் தொடங்கினார். 1813இல் புரசைவாக்கத்தில் கோயில் எழுந்தது. தமிழில் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். 1838இல் இறந்தார். எந்த மிஷனரியும் அனுப்பாமல் ஒரு தமிழன் தானே படித்து, தானே யோசித்துத் திரித்துவத்தை மறுத்தான். வங்காளத்தில் ராம்மோகன் ராய் 1820இல் இயேசுவின் போதனைகளை மட்டும் தனியே எடுத்து, அற்புதங்களை விட்டுவிட்டு வெளியிட்டதையும், செராம்பூர் மார்ஷ்மன் அவரோடு சண்டை போட்டதையும் எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். அதற்கு கால் நூற்றாண்டு முன்னால் இந்த வேலைக்காரன் செய்ததைச் சொல்லாது. ஏன் என்று நீங்களே யோசிச்சுக்குங்க.

மேல்சாதிச் சீர்திருத்தக்காரர்களுக்கு 'மனித இயேசு' ரொம்பப் பிடிக்கும். மலைப் பிரசங்கம் வேணும், சபை வேணாம். காந்தியும் அப்படித்தான்: இயேசு பெரிய ஆசான்களில் ஒருவர், கடவுளின் ஒரே மகன் அல்ல. அது அவர் உரிமை. ஆனால் 1936இல் ஜான் மாட் அவரைச் சந்தித்தபோது, தீண்டப்படாதவர்களுக்குச் சுவிசேஷம் சொல்வதைப் பற்றிப் பேச்சு வந்தது. பசுவிடம் போய்ப் பிரசங்கம் செய்வீர்களா என்று காந்தி கேட்டார். தீண்டப்படாதவர்களில் சிலர் புரிந்துகொள்வதில் பசுவை விட மோசம் என்றார். இயேசு கடவுளா என்று தீர்மானிக்கிற புத்தி தனக்கு உண்டு, நமக்கு இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். இதை ஒருநாளும் மறக்கக் கூடாது.

அதே ஜான் மாட் தலைமையில் 1938 டிசம்பரில், இங்கிருந்து அரை மணி நேர ரயில் தூரத்தில், தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. அதையொட்டிச் சென்னைக் கிறிஸ்தவ அறிவாளிகள் ஒரு தொகுப்பு நூல் போட்டார்கள். அதில் இருவரைச் சொல்லணும். வெங்கல் சக்கரை: வக்கீல், தொழிற்சங்கத் தலைவர், சென்னை மேயர், ஏ.ஐ.டி.யு.சி.யின் தலைவராகவும் இருந்தவர். அவர் இயேசுவை அவதாரம் என்றார். வந்துவிட்டுப் போய்விடுகிற அவதாரமில்லை, நிலைத்திருக்கிற அவதாரம் என்றார். சென்சையா இன்னொரு பக்கம்: இயேசு படைப்பில் தோன்றிய ஒரு புதிய மனிதன், பரிணாமத்தின் அடுத்த படி என்றார். இரண்டு பேரும் வெள்ளைக்காரன் இறையியலைத் தூக்கிச் சுமக்க மறுத்தவர்கள், அந்த அளவுக்கு மரியாதை. ஆனால் அவதாரம் என்ற சொல் யாருடைய வீட்டுச் சொல்? அடுத்த ஸ்டேஷன் சிங்கப்பெருமாள் கோயில். பாதி மனுசன் பாதி சிங்கம் அங்கே கடவுள். அதனால் பாதி மனுசன் பாதி கடவுள் என்று யார் சொன்னாலும் இந்த வட்டாரத்தில் யாருக்கும் தூக்கிவாரிப் போடாது. சிக்கல் அது இல்லை. அவதாரம் எதற்கு இறங்குகிறது? தர்மத்தைக் காப்பாற்ற. எந்தத் தர்மம்? வாமனன் மாவலியின் தலையில் கால் வைக்கிறான். ராமன் சம்பூகன் தலையை வெட்டுகிறான். தொழிலாளர்களுக்காக வாழ்நாள் முழுக்க நின்ற ஒருவர், கடவுள் மனிதனானதைச் சொல்ல இந்தச் சொல்லைத்தான் எடுத்தார் என்பது பார்ப்பனியக் கருத்தியல் எவ்வளவு ஆழத்தில் வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் வைத்த 22 உறுதிமொழிகளில் அவதாரத்தை நம்ப மாட்டேன் என்பதும், புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பதை ஏற்க மாட்டேன் என்பதும் சும்மா வரவில்லை.

பாபாசாகேப் இயேசுவைப் பற்றி என்ன சொன்னார்? 1938 தொடக்கத்தில் சோலாப்பூரில் கிறிஸ்தவர்கள் கூட்டத்தில், மதங்களைப் படித்ததில் தன்னைக் கவர்ந்தவர்கள் புத்தரும் கிறிஸ்துவும்தான் என்றார். அதே மூச்சில், தென்னாட்டுச் சர்ச்சுகளில் சாதி இருப்பதையும் சொல்லிக் காட்டினார். 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் வேறுபாட்டைத் தெளிவாக வைக்கிறார். இயேசு தன்னைக் கடவுளின் மகன் என்றார், அதை ஏற்றால்தான் மீட்பு என்றார். புத்தர் தன் தம்மத்தில் தனக்கென்று எந்த இடமும் கேட்கவில்லை, வழிகாட்டியாக மட்டும் நின்றார். இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இயேசு கடவுளா இல்லையா என்பது அல்ல. மீட்பு ஒருவரை ஏற்பதில் இருக்கிறதா, உன் சொந்த நடையில் இருக்கிறதா என்பதுதான் பாபாசாகேப் கேள்வி.

பெரியார் இயக்கத்துக்கு இந்த விஷயத்தில் தயக்கமே கிடையாது. பக்கத்துச் செங்கல்பட்டில்தான் 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாநாடு. பெர்ட்ராண்ட் ரஸ்ஸலின் 'நான் ஏன் கிறிஸ்தவனல்ல' உரையைக் குத்தூசி குருசாமி தமிழில் கொண்டுவந்தார். நல்ல காரியம். ஆனால் நம் பகுத்தறிவுத் தோழர்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். சேரிக்குள் வந்து ஜெபக்கூட்டத்தைக் கேலி பண்ணுகிற வேகம், ஊர்த் தெருவில் தேர் வரும்போது எங்கே போகிறது?

சபைக்காரர்களை மட்டும் விட்டுவிட முடியுமா? 1833இல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே, முழுமையாக ஒழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். நற்கருணைப் பாத்திரத்தை எல்லோரும் ஒன்றாகப் பகிர வேண்டும் என்பது பிரச்சினையின் மையம். தஞ்சாவூரிலும் மற்ற இடங்களிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். வெளியே போன அத்தனை பேருக்கும் இயேசு முழுக் கடவுள், முழு மனிதன் என்பதில் எள்ளளவு சந்தேகமில்லை. நிசேயா விசுவாசப் பிரமாணத்தைத் தப்பில்லாமல் சொல்லுவார்கள். கடவுளின் இரத்தம் என்று நம்புகிற அந்த ரசத்தைப் பறையர் வாய் வைத்த பாத்திரத்தில் குடிக்க மட்டும் முடியாது. கடவுளை விடப் பெரிய தீட்டு! திருச்சிக் கல்லறையில் சுவர். அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் மெயின் ரோட்டு வழியாகப் பிணம் தூக்க முடியாத தலித் கத்தோலிக்கர்கள், தனிப் பங்கு கேட்டதற்காக 2008 மார்ச்சில் தாக்கப்பட்டார்கள். துப்பாக்கிச் சூடு வரை போனது. அடித்தவனும் அடிவாங்கியவனும் ஒரே மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள். சரியான கோட்பாடு சாதியைத் தொடவே இல்லை.

இந்த இடத்திலிருந்துதான் தலித் இறையியல் கிளம்புகிறது. 1980களின் தொடக்கத்தில் பெங்களூரில் ஏ.பி. நிர்மல் பேசத் தொடங்கினார். பிறகு சென்னை குருகுலத்தில் அதற்கென ஒரு துறையே வந்தது. இதுவரையான இந்தியக் கிறிஸ்தவ இறையியல் பிராமண இறையியல் என்று முகத்துக்கு நேரே சொன்னார். இயேசு தலித் என்றார். அவர் வம்ச அட்டவணையில் தாமாரும் ராகாபும் இருக்கிறார்கள். அவர் தச்சன் மகன். தலை சாய்க்க இடமில்லாதவர். அந்நியருக்கு விடப்பட்ட கோயில் முற்றத்தை வியாபாரிகளிடமிருந்து மீட்டவர், அதை நிர்மல் நம் கோயில் நுழைவோடு சேர்த்து வாசித்தார். கடைசியில் கடவுளாலும் கைவிடப்பட்டேன் என்று கதறியவர். அவருடைய கடவுள்தன்மையும் மனிதத்தன்மையும் இந்தத் தலித்தன்மையில்தான் புரியும் என்றார். இது பெரிய உடைப்பு. மதுரை அரசரடியில் தியோபிலஸ் அப்பாவு, நம் பரட்டை அண்ணன், பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார், 2005இல் மறைந்தார்.

எனக்கு ஒரு பயம் உண்டு. கடவுளே தலித், கடவுளே பாடுபடுகிறார் என்று சொல்லும்போது பாடு புனிதமாகிவிடக் கூடாது. மலக்குழியில் செத்தவனைச் சிலுவையோடு ஒப்பிட்டுக் கண்ணீர் விடுவது சுலபம். அந்தக் குழிக்கு ஆள் இறக்கியவனைக் கைது செய் என்பதுதான் நம் கோரிக்கை. பாடு நமக்கு அடையாளம் அல்ல, நம் மேல் செய்யப்பட்ட குற்றம்.

கேரளத்தில் பொய்கையில் யோகன்னான் என்ன செய்தார் பாருங்க. ரெண்டு மூன்று சபைகளில் இருந்து பார்த்தார். பைபிளில் தம் அடிமை முன்னோர் கதை ஒரு இடத்திலும் இல்லையே என்று கேட்டார், வெளியேறினார். 1909 வாக்கில் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையை அமைத்தார். 1939இல் அவர் மறைந்த பிறகு அவரையே கடவுளாகக் கும்பிடுகிறார்கள். இயேசு கடவுளா என்ற கேள்விக்கு அவர்கள் பதிலே சொல்லவில்லை, கேள்வியையே மாற்றிவிட்டார்கள்: எங்கள் அடிமைத்தனத்தைப் பார்த்த கடவுள் யார்?

இனி நம் சேரிக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே இதுதான்.

கிரேக்கனுக்குக் கடவுள் சாக முடியாது. யூதனுக்கு மனுசன் கடவுளாக முடியாது. சைவனுக்குக் கடவுள் பிறக்க முடியாது. மூன்று பேருக்கும் சிலுவையில் செத்த கடவுள் என்பது பெரிய தத்துவச் சிக்கல். நம் ஆயாவுக்கு அதில் சிக்கலே இல்லை. ஏன்? நமக்குத் தெரிந்த சாமிகளில் எத்தனை சாமி கொலையானவை! மதுரை வீரன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன், கழுவில் ஏற்றப்பட்டவன். முத்துப்பட்டன், சக்கிலியப் பெண்களைக் கட்டி, மாடு காக்கப் போய் வெட்டுப்பட்டவன். சாதியை மீறியதற்காக அதிகாரம் கொன்றது, கொன்ற பிறகு பயந்தது, கொல்லப்பட்டவன் சாமியானான். மேலிருந்து இறங்கி வந்த கடவுள் இல்லை. கீழே கொல்லப்பட்டு எழுந்து நிற்கிற கடவுள். கழுவில் ஏறினவனைக் கும்பிட்டுப் பழகியவளிடம் போய், மரத்தில் அறையப்பட்ட ஒருவன் சாமி என்று சொன்னால் அவள் நிசேயாவைக் கேட்க மாட்டாள். யார் கொன்றது, எதுக்குக் கொன்றது என்று கேட்பாள்.

அதே கதைகளில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. நா. வானமாமலை இந்தக் கதைப்பாடல்களைப் பதிப்பித்தபோது காட்டினார். மதுரை வீரன் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன். ஆனால் பாட்டில் அவன் காசி ராஜாவுக்குப் பிறந்து காட்டில் விடப்பட்டவன் ஆகிவிடுகிறான். காத்தவராயன் சிவபெருமான் மகன் ஆகிறான். முத்துப்பட்டன் கட்டிய பெண்கள் பிறப்பால் பிராமணப் பெண்களாம், சக்கிலியர் எடுத்து வளர்த்தார்களாம்! சாமி ஆக்குகிறார்கள், ஆக்கும்போதே பிறப்பை மாற்றிவிடுகிறார்கள். சேரியில் பிறந்தவன் சாமியாகக் கூடாது. ஆகிவிட்டால், அவன் சேரியில் பிறந்திருக்கக் கூடாது. இப்போது மத்தேயு எழுதிய வம்ச அட்டவணையைத் திரும்பப் படியுங்கள். நாசரேத்துத் தச்சன் தாவீது ராஜா வம்சமாகிறான். அடுத்து நிசேயா வருகிறது, அரசன் மண்டபத்தில். அதன் பின் தலையில் கிரீடம், கையில் செங்கோல், கிறிஸ்து அரசர். ஒவ்வொரு படியிலும் அவர் சேரியை விட்டு ஊருக்குள் குடி மாறுகிறார். கடைசியில் ஊர்க்கோயிலில் உட்கார்ந்துகொண்டு நம்மைப் பின்வாசலில் நிற்க வைக்கிறார்.

ஆகவே என்னைக் கேட்டால், அவரைக் கடவுள் என்று சொல்லியதால் நமக்கு இழப்பு வரவில்லை. கடவுள் என்று சொல்லும்போதே அவர் எங்கே பிறந்தார், யார் கொன்றார்கள் என்பதை அழித்ததால் வந்தது. மனிதன் என்று சொல்கிறவர்களும் அதையே செய்யலாம்: ராம்மோகனுடைய மனித இயேசுவுக்கு முதுகில் சாட்டைத் தழும்பு கிடையாது.

இதை நான் வைத்ததும் ஒரு மாணவி கேட்டார்: "அப்ப இயக்கத்துக்கு ஒரு நிலைப்பாடு வேணாமா அண்ணா? நாம பாபாசாகேப் வழின்னா, பௌத்தம்தானே?" வேணும். நிலைப்பாடு எதில் வேணும் என்பதில்தான் பேச்சு. 1950 ஆணையின் மூன்றாவது பத்தியை நீக்கு என்பதில் வேணும். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பட்டியல் சாதி நிலையை மதத்தோடு முடிச்சுப் போடாதே என்று பரிந்துரைத்தது. 2022இல் இன்னொரு ஆணையம் போட்டார்கள். ஆணையம் போடுவது அவர்கள் வேலை, விடாமல் கேட்பது நம் வேலை. சர்ச்சுக்குள் கல்லறைச் சுவரை இடி என்பதில் நிலைப்பாடு வேணும். பௌத்தத் தோழரும் பெந்தெகொஸ்தே தோழரும் அதில் ஒன்றாகக் கையெழுத்துப் போட முடியும். இயேசு கடவுளா என்று உறுப்பினர் படிவத்தில் ஒரு கட்டம் போட்டால், தாலுகா ஆபீஸ் செய்கிற வேலையை நாம் செய்கிறோம்.

காரணை உங்களுக்குத் தெரியும். இந்தச் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதியதைத் தொடர்ந்து 1892இல் கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலம். நூறு வருசத்தில் எவன் எவன் கைக்கோ போனது. மீட்கப் போய், வைத்த அம்பேத்கர் சிலையை எடுத்தார்கள் என்று திரண்ட கூட்டத்தின் மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. இரண்டு தோழர்கள் விழுந்தார்கள். ஒருவர் பேர் ஜான் தாமஸ், இன்னொருவர் பேர் ஏழுமலை. சுட்டவன் மதம் கேட்கவில்லை. அங்கே வருசா வருசம் அஞ்சலிக்குப் போகிறோம். ஒருத்தர் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுகிறார், ஒருத்தர் கற்பூரம் ஏற்றுகிறார், நீலத்துண்டுத் தோழர் முஷ்டி உயர்த்துகிறார். போன முறை ஜெபம் நீண்டுபோனது என்று ஒரு தோழர் கோபப்பட்டார். அடுத்த அக்டோபருக்கு யார் எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வோம். பஞ்சமி நிலப் பட்டியல் எடுக்கிற குழுவுக்கு ஆள் குறைவாக இருக்கிறது. பேர் கொடுக்கிறவர்கள் வாசலில் நிற்கிற தோழரிடம் கொடுத்துவிட்டுப் போங்க.